இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருப்பதுதான் சாலை

கதிர்,

இதை மடித்து உன் பெட்டிக்குள் வைத்திருக்கலாம். விமானம் ஏறியதும் எடுத்துப் படித்திருப்பாய், மூக்கை உறிஞ்சியிருப்பாய், பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தால் ஏர்கோன் குளிர் என்று சொல்லியிருப்பாய். ஆனால் என்னைத் திருடி என்று சொன்னவர்கள் அதை மடித்து என் கையில் கொடுக்கவில்லை. கம்பெனி ஓட்டுநர்கள் எல்லாரும் இருக்கிற வாட்சப் குழுவில், என் லோரி எண்ணோடு, காலையில் பசியாறுகிற நேரத்தில் போட்டார்கள். பெயர் கெட்டது எல்லார் முன்னாலும் என்றால், பெயர் மீண்டதையும் எல்லார் முன்னாலும்தான் சொல்ல வேண்டும். அதனால் இதை உனக்கு எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருந்தால் பொறுத்துக்கொள். உன்னைப் பெற்றவளுக்கு வாய் நீளம் என்பது உனக்குப் புதுச் செய்தி இல்லை.

நம்மைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கும் லோரி ஓட்டுகிறேன். உன் அப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல். உங்கள் வீட்டில் புடவை கட்டுவது யார் என்று கேட்டுச் சிரித்த சொந்தக்காரர்கள் இன்று உன் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ‘எங்க பையன்’ என்கிறார்கள். நீ எழுதுவது கணினி நிரல். அடுத்த வாரம் ஜப்பானுக்குப் போகிறாய், பெரிய கிடங்குகளுக்குள் ஓடும் ரோபோக்கள் எங்கே நிற்கின்றன, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவற்றுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு. அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். சொல்லித் தருவதற்கு இல்லை. கணக்கில் நான் உனக்குச் சொல்லித் தர ஒன்றுமே இல்லை. நீ செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று உனக்கே தெரியாமல் நீ போய்விடக் கூடாது, அதற்காக.

நீ கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறையில் விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தாய். கிள்ளானில் லோரி ஓட்டும் விளையாட்டு. சாப்பாட்டு மேசை முழுக்க உன் கம்பிகள் கிடக்கும், நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவேன். ஒரு நாள் “ம்மா, நீங்க ஓட்டிப் பாருங்க” என்று கணினியை என் பக்கம் திருப்பினாய். மேலே போகிற அம்பை அழுத்தினேன். லோரி கீழே இறங்கித் திரைக்கு வெளியே காணாமல் போனது. “உன் லோரி கடல்ல எறங்கிடுச்சுடா” என்றேன். உனக்கு முகம் சிவந்தது. பிறகு ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினாய். பள்ளியில் வரைபடம் வரையும்போது பூஜ்யம் கீழ் இடது மூலையில் இருக்கும், மேலே போகப் போக எண் கூடும். கணினித் திரையில் பூஜ்யம் மேல் இடது மூலையில் இருக்கும், கீழே வர வர எண் கூடும். ஒரே இடம்தான். இரண்டு பேர் இரண்டு மூலையில் நின்றுகொண்டு அதற்கு இரண்டு விலாசம் சொல்கிறார்கள்.

“யாருடா இப்படித் தலைகீழா வெச்சது?”

“அந்தக் காலத்து டிவி பெட்டி மேலேர்ந்து கீழ வரைஞ்சுச்சுமா. அதையே பழகிட்டாங்க.”

“அப்ப நாமதான் மாத்திக்கணுமா?”

“நாமதான். ஆனா மாத்திக்கிறோம்னு தெரிஞ்சு மாத்திக்கணும். தெரியாம மாத்துனா லோரி கடல்லதான்.”

அன்றைக்கு நான் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் அது என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. துறைமுக வாசல் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும்போது யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது, கதிர். நம் பிள்ளைகளைப் பின்தங்கியவர்கள் என்று எழுதுகிறார்கள். ஓட்டுநர்களைப் படிக்காதவர்கள் என்று எழுதுகிறார்கள். எங்கிருந்து அளந்தீர்கள், உங்கள் பூஜ்யத்தை எந்த மூலையில் வைத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அளக்கிறவன் தன் காலடியில் பூஜ்யத்தை வைத்துக்கொள்கிறான். மற்றவர்கள் எல்லாம் தூரமாகத்தான் தெரிவார்கள். நீ போகிற இடத்தில் யாராவது உன்னை அளந்து சொன்னால், கோபப்படுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேள். கேட்ட பிறகு தாராளமாகக் கோபப்படலாம்.

அந்த விளையாட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. மேலே ஒரு அம்பு, வலதுபக்கம் ஒரு அம்பு, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் லோரி குறுக்காகப் பறந்தது. நேராகப் போனால் வராத வேகம் குறுக்கே போனால் வந்தது. நான் அதைக் கண்டுபிடித்துவிட்டு உன்னிடம் சொல்லாமல் குறுக்காகவே ஓட்டி எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தேன். நீ பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். மேலே போகும் வேகமும் பக்கவாட்டில் போகும் வேகமும் ஒன்றோடொன்று சேர்ந்து நீளமாகிவிடுகிறதாம். வெக்டர் என்றால் அம்பு மாதிரி, அதற்குத் திசையும் உண்டு, நீளமும் உண்டு. முதலில் நீளத்தை ஒன்று ஆக்கிவிட்டு, திசையை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு நமக்கு வேண்டிய வேகத்தால் பெருக்க வேண்டும் என்றாய். ஒரு வரி சேர்த்தாய். அதோடு என் வெற்றி முடிந்தது. “நாட்டுலயும் இந்த ஒரு வரியைச் சேர்த்து விடேன், குறுக்கே போறவன்தான் எல்லாருக்கும் முன்னாடி போறான்” என்றேன். உன் அப்பா அடுப்படியிலிருந்து, “ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு நாட்டைத் திருத்துங்க” என்றார்.

இப்போது என்னைத் திருடி ஆக்கிய சிவப்புப் புள்ளிகளுக்கு வருகிறேன்.

கம்பெனியில் எல்லா லோரியிலும் புதிதாக ஒரு கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள். லோரி எங்கே இருக்கிறது என்று அது நிமிடத்துக்கு நிமிடம் அனுப்பும். எந்த வழியாகப் போக வேண்டும் என்று முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். அந்த வழியை விட்டு விலகினால் திரையில் சிவப்புப் புள்ளி விழும். செமினிக்குப் போகிற லோரிகளுக்கு ஒன்றும் விழவில்லை. ஜெஞ்சாரோம் கிடங்குக்குப் போகிற லோரிகளுக்கு மட்டும் விழுந்தது. தினமும் விழுந்தது. ஜெஞ்சாரோம் ஓட்டம் என்னுடையது, ராஜு அண்ணனுடையது, இன்னும் சிலருடையது. ராஜு அண்ணன் எனக்கு முன்பிருந்தே அங்கே ஓட்டுகிறவர், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அந்த வழியில் இருபக்கமும் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். செம்பனைக்குள் லோரியை ஓரங்கட்டி டீசல் எடுத்து விற்கிற ஆட்கள் இருப்பது உண்மைதான், அது எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒரு காலையில் எங்கள் லோரி எண்களையும் ஒவ்வொரு லோரிக்கும் சிவப்புப் புள்ளி விழுந்த படத்தையும் குழுவில் போட்டு, தோட்டத்துக்குள் இவர்களுக்கு என்ன வேலை என்று மேனேஜர் சந்திரன் கேட்டார். கேள்வி மாதிரி எழுதியிருந்தார். படித்த எல்லாருக்கும் அது தீர்ப்பாகத்தான் தெரிந்தது.

அவர் அறைக்குப் போனேன்.

“அக்கா, கம்ப்யூட்டர் சொல்லுது நீங்க ரோட்டுல இல்ல.”

“ரோட்டுல இல்லாம, கண்டெய்னரைத் தலையில வெச்சுக்கிட்டு செம்பனைக்குள்ள நடந்தேனா போஸ்?”

“பேச்சு வேணாம்லா. ஒரு நாள்னா சரி, மெஷின் கோளாறுன்னு விட்டுடலாம். தினமும் வருது.”

“தினமும் வருதுன்னா தினமும் அதே ரோட்டுலதான் போறேன்னு அர்த்தம்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அக்கா. விசாரணை முடியட்டும். சாவியை வெச்சுட்டுப் போங்க.”

சாவியை வைத்தேன். அடுத்த நாளிலிருந்து யார்டில் மற்றவர்களுடைய லோரிகளுக்கு டயர் காற்றுப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது சந்திரன் சந்தேகப்பட்டதற்காக இல்லை. அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், அவர் அப்பாவும் ரப்பர் பால்மரம் சீவியவர்தான். தோட்டத்திலிருந்து வந்த ஒருவர், தோட்டத்திலிருந்து வந்த இன்னொருவரைப் பார்த்ததும் முதலில் நினைப்பது திருட்டு என்றால், வெள்ளைத் துரைமார்கள் போனதில் நமக்கு என்ன லாபம்? நாற்காலியில் ஆள் மாறினான், அவ்வளவுதான். யார்டில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் பக்கத்தில் போனதும் பேச்சை நிறுத்துவார்கள். நல்லவர்கள்தான், சேர்ந்து சாப்பிட்டவர்கள்தான். அவர்கள் கண்ணிலும் ஒரு சின்ன ‘இருக்குமோ’ இருந்தது. அந்த ‘இருக்குமோ’வை என்னால் தாங்க முடியவில்லை. வேலை போனால் வேறு கம்பெனியில் ஓட்டுவேன். திருடி என்ற பெயர் அங்கேயும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பிரிக்பீல்ட்ஸ் அறையிலிருந்து வீட்டுக்கு வந்தாய். நான் சொல்லவில்லை, உன் அப்பாதான் சொன்னார். குழுவில் வந்த என் லோரியின் படத்தைக் கேட்டாய். போனில் விரித்து விரித்துப் பார்த்தாய். தோசை ஆறிப்போனது. பிறகு கேட்டாய், “ம்மா, டீசல் திருடறவன் வளைவுலயும் திருடுவான்ல? ஏன் ஒரு வளைவுலகூட சிவப்பு இல்ல?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். சிவப்பு எல்லாம் ஜெஞ்சாரோம் போகிற நேர்ச்சாலையில், அதுவும் அந்த நேர்ச்சாலையின் நட்டநடுவில் குவிந்து கிடந்தது. இரண்டு முனைக்கும் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சாலை வளைகிற இடங்களில் ஒன்றும் இல்லை.

உடனே கணினியைத் திறந்து அந்த இடங்களைப் பதிந்தாய். முதல் தடவை என் லோரி வடதுருவத்துக்கும் மேலே, பூமியிலேயே இல்லாத ஓர் இடத்தில் நின்றது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்டிருந்தாய். சிலர் முதலில் இதைச் சொல்வார்களாம், சிலர் முதலில் அதைச் சொல்வார்களாம், இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு முறையாவது இது நடக்குமாம். “திருடின டீசல்ல அவ்வளவு தூரம் போயிட்டேனா?” என்று கேட்டேன். அந்த வாரம் முழுவதிலும் நான் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். உன் அப்பா இன்னொரு தோசை வைத்தார்.

சரியாக்கிப் பதிந்த பிறகு நீ சொன்னதை நான் எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் உன் தப்பு. கணினிக்குச் சாலை என்று ஒன்று தெரியாது. புள்ளிகள்தான் தெரியும். சாலை வளைகிற இடத்தில் வளைவைக் காட்ட நிறையப் புள்ளி வேண்டும். நேரான இடத்தில் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று போதும், நடுவில் இருப்பதை இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. தப்பு அதற்கு அடுத்தது. லோரி சாலையில் இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்துப் புள்ளி எவ்வளவு தூரம் என்று அந்த நிரல் அளக்கிறதோ என்று நீ சந்தேகப்பட்டாய். விளக்குத் தூணுக்குக் கீழே நின்றால்தான் தெருவில் நிற்கிறாய், இரண்டு தூணுக்கு நடுவே நின்றால் நீ தெருவிலேயே இல்லை என்று சொல்வது மாதிரி. வளைந்து வளைந்து போகிறவனுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு புள்ளி இருக்கும். நேரே போகிறவன்தான் மாட்டுவான்.

இதைக் கேட்டதும் எனக்கு மேசையை ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது. நீ ஓர் ஈமெயில் எழுதலாம் என்றாய். மரியாதையாக, இப்படி ஒரு பிழை இருக்கலாம், தயவுசெய்து பாருங்கள் என்று.

“என்னைத் திருடின்னு சொன்னவனுக்கு தயவுசெய்துவா?”

“கத்துனா யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

“கத்தாதப்ப யாரு கேட்டா? உங்க தாத்தா காலத்துலேர்ந்து கத்தாமத்தான் இருக்கோம்.”

“சரி, நேரா போய்ச் சொல்லலாம். ஆனா கணக்கை நான் சொல்றேன். முடிஞ்சப்புறம் நீங்க பேசுங்க” என்றாய். அந்த ஒப்பந்தம் எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடித்திருக்கிறது. உன் வாழ்க்கையில் எந்தச் சண்டைக்கும் இது போதும்.

விசாரணை கோலாலம்பூரில், அந்தக் கருவியை விற்ற நிறுவனத்தின் அலுவலகத்தில். ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று சந்திரன் சொல்லியிருந்தார். பள்ளியில் நான் படித்த ஆங்கிலம் அவருக்கு ஆங்கிலமாகத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் நீ உள்ளே வந்தாய், மொழிபெயர்ப்பாளராக. கம்பளம் விரித்த அறை, எலும்பு நடுங்குகிற ஏர்கோன். ராஜு அண்ணன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, மற்றவர்கள் சப்பாத்தோடு இருப்பதைப் பார்த்து, திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த நிறுவனத்தின் சார்பில் மிஸ் லிம் என்ற பெண்ணும் அவளுடைய மேலதிகாரியும் இருந்தார்கள். மிஸ் லிம் உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். திரையில் எங்கள் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினாள். சந்திரன் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

நீ எழுந்தாய். உன் குரல் நடுங்கியது, எனக்குத் தெரிந்தது. “லோரிக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரத்தை எப்படிக் கணக்கு எடுக்கிறீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்டாய். மிஸ் லிம் யோசிக்காமல் பதில் சொன்னாள், மிகப் பக்கத்தில் இருக்கும் புள்ளியிலிருந்து என்று. பிறகு அவளே பேச்சை நிறுத்தி யோசித்தாள். “அந்த வழியோட புள்ளிகளைக் காட்ட முடியுமா?” என்றாய். காட்டினாள். துறைமுகப் பக்கத்து வளைவுகளில் புள்ளிகள் எறும்புக் கூட்டம் மாதிரி இருந்தன. ஜெஞ்சாரோம் நேர்ச்சாலையில் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. நடுவில் வெறுமை. அந்த வெறுமையில்தான் நாங்கள் எல்லாரும் திருடர்களாக நின்றுகொண்டிருந்தோம். “இதை எங்க வெச்சு சோதிச்சீங்க?” என்று கேட்டாய். “கோலாலம்பூர்லதான்” என்றாள். மூலைக்கு மூலை திருப்பம் உள்ள ஊரில், ஆபீஸ் காரில். செம்பனைக்கு நடுவே நேராகப் போகிற ஒரு சாலையில் அவர்களில் ஒருவர்கூடப் போய்ப் பார்த்ததில்லை.

நீ வெள்ளைப் பலகையில் வரைந்தாய். முதல் புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு ஓர் அம்பு, அது சாலை. முதல் புள்ளியிலிருந்து லோரிக்கு இன்னோர் அம்பு. இரண்டாவது அம்பின் நிழல் முதல் அம்பின் மேல் எவ்வளவு தூரம் விழுகிறது என்று ஒரு பெருக்கல் சொல்லிவிடும். நிழல் முடிகிற இடம்தான் சாலையில் லோரிக்கு மிகப் பக்கத்து இடம். அங்கிருந்து லோரி வரை அளந்தால் அதுதான் உண்மையான விலகல். நாலைந்து வரி நிரல். வீட்டிலேயே எழுதி வைத்திருந்தாய். அவர்களுடைய தரவையே கொடுத்து ஓட்டச் சொன்னாய். ஓட்டினாள். சிவப்பு எல்லாம் மறைந்தது. திரை முழுக்கப் பச்சை.

ராஜு அண்ணன் என் முழங்கையை இடித்தார். ஆனால் சந்திரன் சிரித்தார். “தம்பி, உன் கணக்குல எல்லாமே பச்சையாத்தான் வரும் போல. உங்கம்மா லோரி சிங்கப்பூருக்குப் போனாலும் பச்சை.” அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸ் லிம் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள் உன்னிடம் கேட்டாள், “அந்த நிழல் ரெண்டாவது புள்ளியையும் தாண்டி விழுந்தா என்ன ஆகும்?”

நீ திரும்பிப் பலகையைப் பார்த்தாய். எனக்கு அப்போது புரியவில்லை, பிறகுதான் சொன்னாய். உன் கணக்கில் சாலை இரண்டாவது புள்ளியோடு முடியவில்லை. கோடு அப்படியே நேராக உலகத்தின் விளிம்பு வரை போய்க்கொண்டிருந்தது. சாலை வளைகிற இடத்தில் ஒருவன் வளையாமல் நேராகக் காட்டுக்குள் போனாலும், அந்தக் கோட்டின் மேலேயே இருப்பதால் பச்சையாகத்தான் காட்டும். சந்திரன் கிண்டலாகச் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. “நீங்க சொல்றது சரி” என்றாய். எல்லார் முன்னாலும், அந்த இடத்தில், எங்கள் பெயர் தொங்கிக்கொண்டிருந்தபோது, “நான் அதை விட்டுட்டேன்” என்றாய். முதல் புள்ளியைப் பூஜ்யம், இரண்டாவது புள்ளியை ஒன்று என்று வைத்து, நிழல் பூஜ்யத்துக்குக் கீழே போனால் முதல் புள்ளியோடு நிறுத்து, ஒன்றுக்கு மேலே போனால் இரண்டாவது புள்ளியோடு நிறுத்து என்று இரண்டு வரி சேர்த்தாய். நீ தட்டச்சு செய்தபோது மிஸ் லிம் உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மறுபடி ஓட்டினீர்கள்.

ஒரே ஒரு சிவப்பு திரும்பி வந்தது.

கதிர், நான் அந்தச் சாலையை விட்டு ஒரு நாளும் இறங்கியதில்லை. எனக்கு அது தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்த கணத்தில் என்னையே நான் சந்தேகப்பட்டேன். இத்தனை நாள் திருடி என்று பார்க்கப்பட்டால் அப்படித்தான் ஆகும். சந்திரன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். மிஸ் லிம் அந்தப் புள்ளியைத் தொட்டாள். லோரி எண் வந்தது. பின்னாலிருந்து ராஜு அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“அது நாந்தான்.”

“என்ன அண்ணே?” என்றார் சந்திரன்.

“ரோடு திரும்புற இடத்துல நேரா ஒரு மண்பாதை போகுதுல்ல. அங்க ஒரு ஒட்டுக்கடை. அந்த ஆன்டி ஐஸ் செண்டோல் நல்லாப் போடும்.” சற்று நிறுத்தி, “அன்னைக்கு ரொம்ப வெயில் போஸ்” என்றார்.

நீ அதை ஆங்கிலத்தில் சொன்னதும் முதலில் சிரித்தது மிஸ் லிம். பிறகு உன்னால் அடக்க முடியவில்லை. சந்திரனும் சிரித்துவிட்டார், அதற்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தேன். அந்தச் சிவப்புதான் எங்களைக் காப்பாற்றியது. எல்லாரையும் நல்லவன் என்று சொல்கிற கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையிலேயே விலகியவரைச் சரியாகக் காட்டிய பிறகு, விலகாதவர்களைப் பற்றி அது சொன்னதையும் நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. மிஸ் லிம் சந்திரன் பக்கம் திரும்பி, “பிழை எங்க நிரல்ல. உங்க ஓட்டுநர்கள்ல இல்ல” என்றாள். தன் கம்பெனியின் அறையில், தன் மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அப்படி ஒரு கேள்வி கேட்கிறவரும், அப்படி ஒரு பதில் சொல்கிறவரும் உன் பக்கத்து மேசையில் இருந்தால், அந்த வேலையை விட்டு லேசில் வந்துவிடாதே. உன் தப்பைக் கண்டுபிடிக்கிறவரைப் பகையாளியாகப் பார்க்கிற வியாதி நம்மிடம் நிறைய உண்டு. அன்று அவள் கேட்காமல் விட்டிருந்தால் நாம் பாதி உண்மையோடு வீட்டுக்கு வந்திருப்போம்.

பிறகு என் முறை. சந்திரன் எங்கள் சாவிகளை மேசை மேல் வைத்தார். “சரி அக்கா, முடிஞ்சிடுச்சு. நாளைலேர்ந்து ஓட்டுங்க. ராஜு அண்ணே, இனிமே செண்டோல் வழியில இருக்கிற கடையில குடிங்க.” ராஜு அண்ணன் தன் சாவியை எடுத்துக்கொண்டார். நான் எடுக்கவில்லை.

“குழுவுல போட்டது என்ன ஆச்சு போஸ்?”

“அதை அழிச்சுடறேன்லா.”

“அழிச்சா, படிச்சவங்க மனசுல இருக்கிறது அழிஞ்சிடுமா? எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. எல்லார் முன்னாடியும் பதில் சொல்லுங்க.”

அவர் உன்னைப் பார்த்தார், நீ என்னை அடக்குவாய் என்று நினைத்திருப்பார். நீ கணினியை மூடிவிட்டு, “அம்மா சொல்றது சரிதான் சார்” என்றாய். அவ்வளவுதான். என்னைப் பெருமைப்படுத்தியது அந்த நாலைந்து வரி நிரல் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை. அது இந்த வாக்கியம்.

மறுநாள் காலை யார்டில், லோரிகள் கிளம்புவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, சந்திரன் பேசினார். “ஜெஞ்சாரோம் ஓட்டுநர்கள் யாரும் திருடல. தப்பு சிஸ்டத்துல. நான் விசாரிக்காம போட்டது தப்பு” என்று தமிழிலும் மலாயிலும் சொன்னார். குரல் சுருங்கித்தான் இருந்தது, ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது. அதையே குழுவிலும் எழுதினார். ஒருவர் கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். ராஜு அண்ணன் ஏதோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி கும்பிட்டார். நான் சாவியை வாங்கிக்கொண்டு லோரியில் ஏறினேன். கண்ணீர் வரவில்லை. பசித்தது. உன் அப்பா கட்டிக் கொடுத்த சோற்றை யார்டு வாசலைத் தாண்டுவதற்குள் தின்று முடித்தேன்.

நீ ஒரு தடவை சொன்னாய், நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கு மேற்காக ஒரு டிகிரியும் வடக்கு தெற்காக ஒரு டிகிரியும் ஏறக்குறைய ஒரே நீளம், அதனால் இங்கே கொஞ்சம் அலட்சியமாகக் கணக்குப் போட்டாலும் தப்பித்துவிடலாம் என்று. ஜப்பான் அளவுக்கு வடக்கே போனால் கிழக்கு மேற்கு டிகிரி சுருங்கிவிடும், திருத்தாமல் போட்டால் எல்லாம் கோணலாகும் என்றாய். அதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். இங்கே அளந்த அளவுகோலை அங்கே அப்படியே வைத்து யாரையும் அளக்காதே. அவர்கள் பேசாமல் இருந்தால் கர்வம் என்று முடிவு கட்டாதே. சோறு ருசியில்லை என்று தினமும் அப்பாவுக்குப் போன் போடாதே, அவர் விமானம் பிடித்து வந்துவிடுவார். ஆனால் உன்னை யாராவது அவர்களுடைய அளவுகோலால் அளந்து குறைத்தால், அன்று அந்த அறையில் எழுந்தது போல எழு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். உன் தப்பை ஒத்துக்கொண்டு, உன் சரியை விடாமல் பிடித்துக்கொள். யாருக்கும் நன்றிக்கடன் பட்டவன் மாதிரி குனிந்து நிற்காதே. அந்த வேலையை உன் மூளையால் வாங்கினாய்.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மிஸ் லிம்முடைய நிறுவனம் அந்த நிரலைத் திருத்தி, தங்கள் கருவி மாட்டிய எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பிவிட்டதாம். நமக்கு அது தெரியாது. துறைமுக வாசல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வேறு கம்பெனி லோரியிலிருந்து ஒரு மலாய்க்காரத் தம்பி இறங்கி வந்தான், உன் வயதுதான் இருக்கும், கையில் ஒரு பொட்டலம் ஐஸ் மைலோ. சாலாக் செலாத்தானில் இருக்கிறானாம். சிவப்புப் புள்ளி விழுந்ததென்று அவனையும் உட்கார வைத்திருந்தார்களாம். போன வாரம் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள், காரணம்கூடச் சொல்லவில்லை. ராஜு அண்ணன் வாய் சும்மா இருக்குமா, வரிசை முழுக்கக் கதையைச் சொல்லிவிட்டிருக்கிறார். பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, “அனாக் காக் கா?” என்று கேட்டான், உங்கள் மகனா என்று.

முன்னால் இருந்த லோரி நகர்ந்துவிட்டது. பின்னாலிருந்தவன் ஹோன் அடித்தான். நான் நகர்த்தவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து, இறங்கி அவன் பக்கத்தில் நின்று, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, ஆமாம், என் மகன்தான் என்றேன்.

போய் வேலையைப் பார்.

அம்மா